காயாத விறகு

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், தலைப்பிரசவம் முடிந்து மகள் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே, அவளுக்கு ஹீட்டர் தண்ணீரை ஊற்றக் கூடாது, விறகில் காய்ந்த வெந்நீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று எண்பத்து மூன்று வயதான என் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மின்சாரத்தில் காய்ந்தாலும் விறகில் காய்ந்தாலும் அறுபது டிகிரி தண்ணீர் அறுபது டிகிரி தண்ணீர்தான் என்று, முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற தைரியத்தில் நான் எடுத்துச் சொன்னேன். "ஒனக்கு டிகிரி தெரியும்ப்பா, நான் நாலு பெத்தவ" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டார். ஆகவே, சோழவந்தானில் பூட்டிக் கிடந்த எங்கள் பூர்வீக வீட்டுப் பரணிலிருந்து தாத்தா காலத்துச் செம்பு பாய்லரை இறக்கி, ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றி, மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் பின்கட்டில் கொண்டுவந்து வைத்தேன்.

மதுரையில் வெந்நீர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது வழக்கம். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரைப் பகலில் கையால் தொடவே முடியாது என்பதால், அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மார்கழி விடியலில் இருபது டிகிரிக்கு இறங்கும்போது, அதையே கடுங்குளிர் என்று மப்ளர் கட்டிக்கொள்ளும் ஊர் இது. எனினும் எண்ணெய்க் குளியல், பிள்ளைப்பேறு, காய்ச்சல், மூட்டுவலி என்று வெந்நீருக்கான தேவை எந்த வீட்டிலும் முழுதாக ஓய்ந்துவிடுவதில்லை. முன்பெல்லாம் ஓரளவு வசதியுள்ள வீடுகளில் அந்தத் தேவையைத் தீர்த்தது இந்தச் செம்பு பாய்லர்தான்.

பார்த்திராதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது இரண்டரை அடி உயரமும் நாற்பது லிட்டர் கொள்ளளவும் உடையது. வெளியே உருளையான செம்புப் பாத்திரம். அதன் நடுவே அடியிலிருந்து உச்சி வரை போகும் ஐந்து அங்குல அகலக் குழல். அடியில் விறகு வைக்கும் வாயும் சாம்பல் விழும் இரும்புச் சல்லடையும். குழலுக்குள் நெருப்பும் புகையும் ஏறிப்போக, அதைச் சுற்றிலும் தண்ணீர் நிற்கிறது. மேல் விளிம்பில் ஒரு பக்கம் புனல், எதிர்ப்பக்கம் கிளிமூக்குப் போல வளைந்த ஒரு மூக்கு. திருகுகுழாய் என்று எதுவும் கிடையாது. புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கின் வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வந்து வாளியில் விழும். சிறுவயதில் எங்களுக்கு இது பெரிய மாயவித்தை. ஊற்றிய தண்ணீர் அந்த நொடியிலேயே எப்படிக் காய்ந்தது என்று நானும் தங்கையும் மாறி மாறி ஊற்றிப் பார்த்து, இருந்த சூட்டையெல்லாம் தீர்த்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறோம். புனலுக்குக் கீழே ஒரு சிறு குழாய் பாத்திரத்தின் அடிவரை இறங்குகிறது என்பதும், குளிர்ந்த நீர் அடியில் போய்த் தங்க, அதைவிடச் சற்றே எடை குறைந்த வெந்நீர் மேலே மிதந்து வழிகிறது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் 27 டிகிரியில் ஏறக்குறைய 996 கிராமும் 60 டிகிரியில் ஏறக்குறைய 983 கிராமும் இருக்கும். அந்தப் பதின்மூன்று கிராம் வித்தியாசத்தை நம்பித்தான் அந்தக் காலத்துக் கன்னார் இதைச் செய்திருக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே ஊற்றினால்தான் வெளியே வரும் என்பதால் பாத்திரம் எப்போதும் நிரம்பியே இருக்கும். மூக்கு திறந்தே கிடப்பதால் நீராவி அடைபட்டு வெடிக்கவும் வழியில்லை. ஒரே ஓர் ஆபத்து, தண்ணீரே ஊற்றாமல் நெருப்பைப் பற்றவைப்பது. அதையும் எங்கள் வீட்டில் ஒருவர் செய்திருக்கிறார். இப்போது அவர் பெரியவர் என்பதால் உறவுமுறையைக்கூடச் சொல்ல மாட்டேன். செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி வேண்டும் என்றாலும், ஒட்டுகளை அடைத்திருக்கும் ஈயப் பற்று இருநூறு டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை உலோகத்தின் சூடு நூறு டிகிரியைச் சுற்றியே நிற்பதால் ஒட்டுக்குக் கேடில்லை. தண்ணீர் இல்லையென்றால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். அன்று விட்ட ஒட்டு பல ஆண்டுகளாக அப்படியே கிடந்தது. வெண்கலக்கடைத் தெருப் பக்கம் விசாரித்து, பழைய பாத்திரங்களுக்குப் பற்றுவைக்கும் பெரியவர் ஒருவரைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். உள்ளே ஈயம் பூச வேண்டுமா என்று கேட்டதற்கு, "குளிக்கிற தண்ணிக்கு எதுக்கு சார்? இந்தத் தண்ணிய மட்டும் அடுப்படிக்குக் கொண்டுபோயிராதீங்க" என்றார். பற்றில் காரீயம் கலந்திருக்கும் என்பதால் அது மிகச் சரியான எச்சரிக்கை.

பாய்லர் தயாராயிற்று, விறகில்தான் கோட்டைவிட்டேன்.

புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு விறகுக்கடையில் அரை டன் சீமைக்கருவேல விறகு வாங்கினேன். "நல்லாக் காஞ்ச விறகு சார், ரெண்டு மாசமாக் கெடக்கு" என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு மாதமாகக் கிடந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும் என்பதையும், அது கிடந்தது வெட்டவெளியில் என்பதையும் நான் யோசிக்கவில்லை. சீமைக்கருவேலம் இயல்பிலேயே உயர்ந்த விறகு. அடர்த்தியானது, நின்று எரியக்கூடியது, கங்கு நெடுநேரம் தாங்கும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமெல்லாம் மூட்டம் போட்டுக் கரி எடுப்பதும் இதில்தான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டு இம்மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட நாட்களில், எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் மலைமலையாக வெட்டிக் குவித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேரோடு தோண்டாத இடங்களிலெல்லாம் அது மறுபடியும் துளிர்த்து ஆளுயரம் வளர்ந்துவிட்டது வேறு கதை. ஆகையால் சீமைக்கருவை என்றதும் வேறெதையும் சோதிக்காமல் வாங்கிவிட்டேன்.

முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பற்றவைத்தேன். சுள்ளியும் தென்னம்பாளையும் குபீரென்று பிடித்தன. அவற்றின் மேல் வைத்த கட்டைகள் பிடிக்கவில்லை. சிறிது நேரத்தில் கட்டையின் வெட்டுமுனையிலிருந்து பழுப்பு நிறத்தில் நுரை கிளம்பி, குமிழ் குமிழாகப் பொங்கி, சொட்டுச் சொட்டாகச் சல்லடையில் விழுந்து சீறியது. காது கொடுத்துக் கேட்டால் கொசு பாடுவது போல ஒரு மெல்லிய இசை. கட்டைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து, மரத்தின் நரம்பு வழியாக வெளியேறும் ஓசை அது. குழலின் உச்சியிலிருந்து வெண்புகை திரள்திரளாக எழுந்து, மேலே போகவும் மனமில்லாமல் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளின் மேல் படிந்தது. நாற்பது லிட்டர் தண்ணீர் குளிக்கிற சூட்டுக்கு வர ஒன்றரை மணி நேரமும் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட விறகும் ஆயின. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி மதிலருகே வந்து, "அண்ணே, பச்சப்புள்ள இருக்குற வீட்டுல இப்பிடியா பொக போடுவீங்க" என்று கேட்டுவிட்டார். அவருடைய துணிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் எங்கள் குழந்தையைப் பற்றி மட்டும் கேட்டது, நேராகத் திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்படி இருந்தது.

அன்றிரவு பழைய பழக்கத்தில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாற்பது லிட்டரை 27 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏற்ற 1,520 கிலோ கலோரி வேண்டும். மின்சாரத்தில் இது ஒன்றேமுக்கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். அந்தச் சூட்டில் உள்ள நாற்பது லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் நூறு லிட்டருக்கு மேல் குளியல்நீர் ஆகிவிடும், ஆறேழு பேர் குளிக்கலாம். எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் உள்ள ஒரு கிலோ விறகில் எரித்தெடுக்கக்கூடிய வெப்பம் ஏறக்குறைய 3,400 கிலோ கலோரி. அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ விறகு போதும். நான் எரித்ததோ ஐந்து கிலோ. எடையில் பாதி ஈரமே என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோவுக்கு 1,900 கிலோ கலோரி இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்று கிலோவில் வேலை முடிந்திருக்க வேண்டும். மீதி எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

அந்த மீதி, பக்கத்து வீட்டுக் கொடியில் போய்ப் படிந்தது. விறகு எரிகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் விறகு எரிவதே அல்ல. உலர்ந்த மரத்தின் எடையில் எண்பது விழுக்காடு அளவுக்குச் சூடு பட்டதும் ஆவியாகி வெளியேறிவிடும். இருநூறு, முந்நூறு டிகிரியிலேயே அந்த ஆவி கிளம்பத் தொடங்கிவிடும். ஆனால் அது தீப்பிடித்து முழுமையாக எரிவதற்கு அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சூடும் போதிய காற்றும் வேண்டும். ஈர விறகு தன்னுள் இருக்கும் தண்ணீரை முதலில் கொதிக்கவைக்கிறது. ஒரு லிட்டரை ஆவியாக்க, கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு போக, 540 கிலோ கலோரி வேண்டும். அந்தச் செலவைவிட, அதனால் நெருப்பின் சூடு இறங்கிவிடுவதே பெரிய நஷ்டம். கிளம்பிய ஆவி தீப்பிடிக்காமல் புகையாகவே வெளியேறிவிடுகிறது. கண்ணைக் கரிக்கும் அந்த வெண்புகையில்தான் நாம் காசு கொடுத்து வாங்கிய விறகின் ஒரு பெரும் பங்கு போய்விடுகிறது.

இதையெல்லாம் எனக்கு முதலில் நெருப்பை வைத்தே காட்டியவர் என் தங்கை கணவர். அவர்கள் ஆஸ்திரியாவின் தென்கிழக்கே ஸ்டைரியா மாநிலத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் நானும் மனைவியும் ஒரு மாதம் போய்த் தங்கியிருந்தோம். வெளியே பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே. உள்ளே அரைக்கைச் சட்டையோடு நடமாடலாம். அத்தனை அறைகளுக்குமான சூடு, நிலவறையில் இருந்த ஒரு விறகு பாய்லரிலிருந்து வந்தது. அங்கே பாய்லர் என்பது குளிப்பதற்கான ஏற்பாடு மட்டுமன்று. காய்ந்த தண்ணீர் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்குக் கீழே உள்ள இரும்புப் பலகைகளுக்குள் ஓடி, சூட்டை விட்டுவிட்டு, மறுபடி கீழே வருகிறது. எவ்வளவோ நவீன ஏற்பாடுகளைக் கற்பனை செய்துகொண்டு போன எனக்கு, மாப்பிள்ளை காலையில் எழுந்து அரை மீட்டர் நீள பீச் மரக்கட்டைகளைக் கூடையில் சுமந்து வந்து அடுக்கியதைப் பார்த்ததும் சோழவந்தான் வீட்டு நினைவுதான் வந்தது.

அந்தப் பெட்டிக்கு இரண்டு அறைகள். மேலறையில் விறகு அடுக்கப்படுகிறது. கீழறை சுடுமண் கல்லால் ஆனது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பிளவு. நம் அடுப்பில் தீ மேலே போகும். அங்கே ஒரு மின்விசிறி காற்றை இழுப்பதால், விறகிலிருந்து கிளம்பும் ஆவி அந்தப் பிளவின் வழியாகக் கீழே இறங்குகிறது. அங்கே சூடான புதுக்காற்று சேர்ந்ததும் ஆயிரம் டிகிரியைத் தாண்டிய தீநாக்காக எரிகிறது. சோதனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பற்றவைப்புக்கடையில் வாயு விளக்கைத் தலைகீழாகப் பிடித்தது போல இருந்தது. வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தால் சூட்டில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தது, புகை இல்லை. விறகிலுள்ள சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குத் தண்ணீருக்குப் போய்விடுகிறது என்றார்.

அவர் நெருப்பைக் குறைத்துவைப்பதே இல்லை என்பது எனக்குப் புதிதாக இருந்தது. நாம் சூடு போதும் என்றால் விறகை வெளியே இழுப்போம், அல்லது வாயை மூடிக் காற்றைக் குறைப்போம். அவர் ஒரு முறை முழு வீச்சில் எரிய விட்டு, கிடைத்த சூட்டை 1,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஓர் உறையிட்ட தொட்டியில் சேர்த்துவைத்தார். வீடு அதிலிருந்து நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. அந்தத் தொட்டி 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் 60,000 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய எழுபது யூனிட். அதற்கு இருபது கிலோ விறகு போதும். காற்றைக் குறைத்து நெருப்பை மூச்சுமுட்ட வைத்தால், எரியாத ஆவி தார் போன்ற கீலாக மாறிப் புகைபோக்கியின் உட்புறம் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் அந்தக் கீலே தீப்பிடித்து வீட்டையும் எரிக்கும். அதனாலேயே அந்நாட்டில் கருப்பு உடுப்பு அணிந்த புகைபோக்கிப் பணியாளர் முறைவைத்து வந்து துடைத்துவிட்டுப் போவது கட்டாயம். அவர் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று அங்கே ஒரு நம்பிக்கையும் உண்டு. சகுனம் பார்ப்பதில் நாம் மட்டும் தனி ஆள் இல்லை.

ஆனால் அந்த இயந்திரத்தைவிட என் மனத்தில் பதிந்தது வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி இருந்த விறகு அடுக்குதான். கூரை இறவாணத்துக்குக் கீழே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் பலகை கொடுத்து, வெட்டுமுனைகள் எல்லாம் வெளியே பார்க்கும்படி கோவில் மதில் போல அடுக்கியிருந்தார். ஒவ்வோர் அடுக்கின் முனையிலும் சாக்கட்டியால் ஆண்டு எழுதியிருந்தது. அந்தக் குளிர்காலத்துக்கு எரிந்துகொண்டிருந்தது 2017இல் பிளந்த விறகு. "இந்த பாய்லர் வாங்குறது பெரிய காரியமில்ல மச்சான், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வெறகு வாங்கி அடுக்குறதுதான் பாடு" என்றார். கையடக்கமான ஓர் ஈரமானியும் வைத்திருந்தார். கட்டையை அப்படியே குத்திப் பார்த்தால் ஏமாற்றும், பிளந்து புதுமுகத்தில் குத்த வேண்டும் என்று காட்டினார். அப்போது நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அரை டன் ஈர விறகை வாங்கி இறக்கும்போது அதில் ஒரு சொல்லும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து கேட்ட மறுநாள், மாப்பிள்ளை ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ஈரமானியை மேசை டிராயரிலிருந்து தேடி எடுத்தேன். கட்டையின் மேற்புறத்தில் 17 காட்டியது. கோடாலியால் பிளந்து உள்முகத்தில் குத்தியபோது 38. கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவரும் மேற்புறத்தைத்தான் பார்த்திருப்பார். உருட்டுக் கட்டையாகக் கிடக்கும்வரை எந்த விறகும் சீக்கிரம் காயாது. மரத்தில் நீர் போகும் பாதை வேரிலிருந்து நுனிக்கு, அதாவது நீளவாக்கில். வெட்டுமுனை வழியாக ஈரம் எளிதாக வெளியேறும், பட்டை வழியாக ஏறக்குறைய வெளியேறவே வெளியேறாது. ஆகவே குட்டையாக அறுத்து, பட்டை பிளக்கும்படி நான்காக உடைத்து, முனைகளில் காற்று படும்படி வைத்தால் ஒழிய, அது கார்த்திகையில் மட்டுமன்று, பங்குனியிலும் ஈரமாகவே இருக்கும்.

அந்த மாதம் எப்படியோ சமாளித்தோம். சோழவந்தானிலிருந்து ஒரு சாக்குச் சிரட்டையும் காய்ந்த தென்னை மட்டைகளும் வந்து சேர்ந்தன; சிரட்டை ஓர் அற்புதமான எரிபொருள், படபடவென்று எரியும், ஆனால் நின்று எரியாது. மர இழைப்பகத்திலிருந்து வாங்கிவந்த தேக்குச் சிராய்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. நொச்சியையும் வேப்பிலையையும் பாய்லருக்குள் போட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பதால் வாளியில் போட்டு அதன் மேல் வெந்நீரைப் பிடித்தார் அம்மா. குழந்தை இருந்த அறையின் சன்னலை அந்த நேரத்தில் சாத்தி வைத்தோம். பாய்லரைக் குளியலறைக்குள் வைத்துவிடலாமே என்று ஒரு உறவினர் சொன்ன யோசனையை மட்டும் நான் கேட்கவே இல்லை. மூடிய அறையில் நெருப்பு எரிந்தால் கரியமில வாயுவைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

தை பிறந்ததும் மீதமிருந்த விறகைச் சீர்படுத்த ஆரம்பித்தேன். ஒரு ஆள் வைத்து முக்கால் அடி நீளத்துக்கு அறுத்து, ஆப்பு வைத்துப் பிளந்தோம். சீமைக்கருவையை ஈரத்தில் பிளப்பது சுலபம். காய்ந்து வைரம் ஏறிவிட்டால் கோடாலி திரும்பி வரும். முள்ளுக்குத்து மட்டும் தப்பாது, குத்தினால் இரண்டு நாளுக்குக் கடுக்கும். பின்கட்டின் தெற்கு மதிலோரம், இரண்டு வரிசை செங்கல் வைத்து அதன் மேல் பழைய கட்டில் சட்டங்களைப் போட்டு, மதிலுக்கும் அடுக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டேன். தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மூடிவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பூக்கும். செங்கல் இல்லாமல் தரையோடு வைத்தால் ஒரே மழையில் கரையான் ஏறிவிடும். இவ்வளவு செய்தும் ஒரு கருந்தேள் குடியேறியிருந்தது. இப்போது கையுறை போடாமல் விறகு எடுப்பதில்லை.

ஒரு கட்டையில் மட்டும் சிவப்புக் கயிறு கட்டிக் குறித்துவைத்து, ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவந்தேன். தை இரண்டாம் வாரம் 3,180 கிராம். மாசிக் கடைசியில் 2,560. பங்குனி முடிவில் 2,290. சித்திரையில் அக்னி நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே எடை இறங்குவது நின்றுவிட்டது. 2,240க்குக் கீழே அது போகவில்லை. ஆஸ்திரியாவில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து செய்யும் வேலையை மதுரை வெயில் மூன்றே மாதத்தில் முடித்துவிட்டது. வாட்ஸ்அப்பில் இந்தக் கணக்கை அனுப்பியதற்கு, "அந்த வெயில்ல பாதிய இங்க அனுப்புங்க மச்சான்" என்று பதில் வந்தது. ஒரு கட்டையிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வெளியேறியிருக்கிறது என்பதை எண்ணினால், கார்த்திகையில் நான் விறகு நிறுத்து வாங்கியதில் எத்தனை குடம் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறேன் என்பதும் தெரிந்துவிடும்.

பாய்லரிலும் ஒரு சிறு மாற்றம் செய்தேன். நேரான குழலில் சூடான காற்று நொடிப்பொழுதில் ஏறிப் போய்விடுவதால், சுவரில் பட்டுச் சூட்டைக் கொடுக்க அதற்கு நேரமில்லை. ஆஸ்திரிய பாய்லரின் குழாய்களுக்குள் திருகிய தகடுகள் தொங்கியதும், வெளியே ஒரு கைப்பிடியை ஆட்டினால் அவை மேலும் கீழும் உரசிக் கரியைச் சுரண்டியதும் நினைவுக்கு வந்தன. பற்றவைப்புக்கடையில் நான்கு அங்குல அகல இரும்புத் தகடு ஒன்றை முறுக்குக் கம்பி போலத் திருகி வாங்கிவந்து குழலின் மேல்பாதியில் தொங்கவிட்டேன். காற்று சுழன்று சுழன்று போக, காய்ந்த விறகில் நாற்பத்தைந்து நிமிடமாக இருந்த வேலை முப்பத்தைந்து நிமிடத்துக்கு வந்தது. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. குழலின் உச்சியிலிருந்து சிரட்டை போடுவது அவர் வழக்கம். தகடு தொங்கினால் சிரட்டை இறங்காது. பேச்சுவார்த்தையின் முடிவில் தகட்டுக்கு ஒரு கொக்கி வைத்து, அவர் வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம் என்று ஆனது.

இன்னொரு விஷயத்தில் அம்மா சொன்னதே சரியாக இருந்தது. குளியல் எல்லாம் முடிந்ததும் அடியிலுள்ள வாயை ஓட்டுத் துண்டால் மூடி, மதியம் வரை சூட்டைக் காப்பாற்றுவார். மாப்பிள்ளை சொன்ன கீல் கதையை எடுத்துவிட்டு நான் தடுத்தேன். அம்மா குனிந்து சல்லடையைக் காட்டினார். விறகு என்று எதுவும் மிச்சமில்லை, சிவந்த கங்கு மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆவியெல்லாம் போய்க் கரி மட்டும் மிஞ்சியபின் காற்றைக் குறைத்தால் கீலும் வராது, புகையும் வராது. தீநாக்கு ஆடும்போது மூடக் கூடாது, கங்கானபின் மூடலாம் என்பதை அவர் சொல்லாமலே செய்துகொண்டிருந்திருக்கிறார். காலையில் பற்றவைத்த முதல் பத்து நிமிடம், குளிர்ந்த தண்ணீர் சூழ்ந்த குழலின் சுவரில் கொஞ்சம் கீல் படிவதைத் தவிர்க்க முடிவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை நீளத் துடைப்பத்தை விட்டு இழுத்துவிடுகிறேன்.

உப்புதான் தீராத தொல்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் பாத்திரத்தின் உட்சுவரில் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. அந்தப் படிவு ஒரு போர்வை போலச் சூட்டைத் தடுக்கும். மாதம் ஒருமுறை புளியைக் கரைத்து ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட்டு அலசுகிறோம். சாம்பல் தென்னைக்குப் போகிறது.

மகள் குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது பாய்லரைத் தினமும் பயன்படுத்துபவர் அம்மா மட்டுமே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் நானும். இந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முன்பே அடுத்த ஆண்டுக்கான விறகு வந்து இறங்கிவிட்டது. வேறு கடை, ஆனால் அதே "நல்லாக் காஞ்ச விறகு சார்". இந்த முறை நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கட்டைகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன். காய்ந்த விறகு கணீரென்று கேட்கும். இது பூசணிக்காயைத் தட்டியது போல மொத்தென்று கேட்டது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடையில் நூற்றுக்குப் பதினைந்து கழித்துக்கொண்டார். கேட்டைத் திறந்து வண்டி உள்ளே வரும்போது அம்மா திண்ணையில் இருந்தபடியே, "மொதல்ல பொளந்து அடுக்கு, அப்பறமா காபி குடிக்கலாம்" என்றார்.